படலையில் கேட்ட கேள்வி

என் மகனின் விலை பதினான்காயிரத்து ஐந்நூறு ரூபாய். நான் வைத்த விலைதான். எதிரில் வாங்க வந்தவர் யாரும் இல்லை. என் சொந்த வீட்டு வாசல் படலையில் நின்றுகொண்டு நானே வாய் திறந்து வைத்தேன்.

இரண்டாயிரத்து எட்டு மார்கழியில், ரியூசனுக்குப் போகிறேன் என்று சொல்லி, நான் அந்த விலைக்கு வாங்கி ஒரு மாதம் ஆகாத லுமாலா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான் கிருசாந்தன். பதினேழு வயது. திரும்பி வரவில்லை. தானாக இயக்கத்துக்குப் போனானா, கொண்டுபோனார்களா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. அந்த மாதத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. பிறகு சண்டை முடிந்தது. அவனுக்குப் புனர்வாழ்வு முகாம், எங்களுக்குச் செட்டிகுளத்து முகாம். தாய்க்காரி ஒரே ஒரு தடவை போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவனைப் பார்த்துவிட்டு வந்தாள். எனக்கு அதுவும் வாய்க்கவில்லை.

பன்னிரண்டாம் ஆண்டு ஆவணியில், புதுக்குடியிருப்புக்குத் திரும்பி வந்து தகரக் கொட்டில் போட்டு நாலு மாதமான ஒரு காலை. பஸ்ஸால் இறங்கி, கையில் ஒரு பொலித்தீன் பையோடு படலையடியில் வந்து நின்றான். மீசை முளைத்திருந்தது. மூன்று வருடமும் எட்டு மாதமும் கழித்து என் பிள்ளையைப் பார்த்து நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"சைக்கிள் எங்கையடா?"

நான் சாவகச்சேரி மாட்டுத் தரகரின் மகன். எந்த இடத்தில் எந்தச் சொல்லை விடக்கூடாது என்று பத்து வயதிலேயே சந்தையில் படித்தவன். ஐம்பது வருட வியாபாரத்தில் நான் தவறவிட்ட சொல் அந்த ஒன்றுதான். அதையும் விட்ட இடத்தைப் பாருங்கள்.

அவன் பையோடு உள்ளே போனான், சாப்பிட்டான், இரண்டு நாள் நித்திரை கொண்டான். பிறகு என் ஹாட்வெயார் கடைக்குப் பின்னால் உள்ள சாய்ப்பில் தண்ணீர் மோட்டர் திருத்தத் தொடங்கினான். நல்ல கைராசி. பூநகரியிலிருந்துகூட மோட்டரைக் கட்டிக்கொண்டு வருவார்கள். பன்னிரண்டு வருடமாக நானும் அவனும் ஒரே கூரைக்குக் கீழே வியாபாரம் செய்கிறோம். எங்கள் பேச்சு இப்படித்தான்.

"ரெண்டு இஞ்சிப் பைப் முடிஞ்சுது அப்பா."

"எத்தினை எடுக்க?"

"இருவது."

"சரி."

இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பைப் இருபது வந்துவிடும். ஆனால் அவன் முகத்தை நேரே பார்க்கிற ஒவ்வொரு முறையும் அந்தச் சைக்கிள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்று மணி அடிக்கும். ஊரில் இந்த விசயம் என் மனைவி இராசேஸ்வரியைத் தவிர யாருக்கும் தெரியாது. அன்றைக்கு அவள் தேத்தண்ணி ஊற்றிவிட்டுக் குசினி வாசலில் நின்றாள். தன் காதால் கேட்டாள். அதைப்பற்றி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. பெண்சாதி திட்டினால் செலவு அன்றோடு முடிந்துவிடும். திட்டாமல் வைத்திருந்தால் அதற்கு வட்டி.

இந்த வருடம் மாசியில் சுதாஜினி என்றொரு ரீச்சர் கடைக்கு வந்தா. வவுனியாவில் நாடகம் படிப்பிக்கிறவ. முப்பது அடிக்கு இருபது அடியில் மழைக்குக் கட்டுகிற தறப்பாள் ஒன்றும் நூறு யார் நீளக் கயிறும் கேட்டா. விலை சொன்னேன். அவ தறப்பாளின் ஒரு மூலையைப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தா.

"ஐயா, இதில ஊசி ஓட்டை இருக்கு."

"காத்து வாறதுக்கு வைச்சது பிள்ளை."

"காத்துக்குக் காசு கழிப்பீங்களோ?"

ஆள் லேசுப்பட்டவ இல்லை என்று விளங்கிவிட்டது. கதையை வேறு பக்கம் திருப்பினேன். "என்ன நாடகம் போடுறியள்?"

"உடல் அரங்கு எண்டு சொல்லுவம் ஐயா. வசனம் இல்லை. உடம்பால மட்டும் சொல்லுறது."

"ஒருத்தரும் வாய் திறக்கிறேல்லையோ?"

"இல்லை."

"உதுக்கு ஏன் பிள்ளை ஒத்திகை? எங்கட வீட்டில பன்னிரண்டு வருசமா ஒத்திகை இல்லாமலே நடக்குது."

அவ சிரித்தா. பிறகு சிரிப்பை மடித்து வைத்துவிட்டு, "தெரியும் ஐயா. உங்கட மகன்ர காட்சிதான் கடைசி" என்றா.

கையில் இருந்த கயிற்றுச் சுருளை மேசையில் வைத்தேன்.

"ஏழு பேர் செய்யினம்," என்றா. "எல்லாரும் அப்ப புனர்வாழ்வு முகாமில இருந்து திரும்பி வந்த பொடியள்தான். இப்ப முப்பது தாண்டிட்டினம். ஒவ்வொருத்தரும் தங்கட சொந்தக் காட்சியைச் செய்வினம். வீட்டை வந்து சேர்ந்த முதல் அஞ்சு நிமிசம். அவ்வளவுதான் நாடகம்."

தறப்பாளை அவ கேட்ட விலைக்கே கொடுத்தேன். கயிற்றில் ஐந்து யார் கூடவே அளந்துவிட்டேன். அவ போன பிறகு என் கையைப் பார்த்தேன். இது யாருடைய கை?

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் போனபோது இராசேஸ்வரியிடம் சொன்னேன். அவளுக்கு முன்னமே தெரிந்திருந்தது. அவளுக்குத் தெரியாமல் இந்த ஊரில் முருங்கை பூப்பதில்லை.

"அவன் அதைத்தான் காட்டப் போறான்," என்றேன்.

"எதை?"

"உனக்குத் தெரியாதோ?"

"தெரியும். உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்கோ, கேப்பம்."

சோற்றைப் பிசைந்தேன். சந்தை முழுக்க நாடகம் பார்க்க வந்து குந்தி இருக்கும். புதுக்குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வேறு என்ன வேலை? பிள்ளை உயிரோடு திரும்பி வந்தபோது சைக்கிளைக் கேட்ட தகப்பன் என்று நாளைக்கு எல்லாரும் என் கடை வாசலில் வந்து மணி அடிப்பார்கள். ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். சிரிப்பு ஒரு கிழமைக்கு மேல் பழுதாகாமல் இருக்காது. என்னைக் கலங்க வைத்தது வேறு. பன்னிரண்டு வருடம் கழித்து, வாழ்நாளில் ஒரேயொரு காட்சி செய் என்று சொன்னதும் அவன் இதைத்தான் எடுத்துக் கொடுக்கிறான் என்றால், இவ்வளவு காலமும் இதைத்தானே உள்ளே வைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இருந்து மோட்டர் திருத்தியிருக்கிறான்?

அப்படி இருக்காது என்றொரு சந்தேகத்தில் கொஞ்சமாவது நித்திரை வந்தது. அதுவும் மூன்றாம் நாள் போயிற்று. கிருசாந்தன் கடைக்குள் வந்து மேல் கொழுவியிலிருந்து ஒன்றைக் கழற்றினான்.

"ஒரு சைக்கிள் றிம் எடுக்கிறன் அப்பா. நாடகத்துக்கு."

"எடு," என்றேன். வேறு என்ன சொல்ல?

வியாபாரிக்குக் கடைசி ஆயுதம் இனாம். அடுத்த நாளே ஒத்திகை நடக்கிற இடத்துக்குப் போனேன். கூட்டுறவுச் சங்கத்தின் பழைய நெல்லுக் களஞ்சியம். உள்ளே ஏழு பேரும் வெறும் சீமெந்துத் தரையில் மல்லாந்து கிடந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். மூச்சு விடுவதற்கா நூறு யார் கயிறு? சுதாஜினி ரீச்சர் வெளியே வந்தா.

"பிள்ளை, அண்டைக்கு வாற சனத்துக்குத் தேத்தண்ணியும் வடையும் என்ர பொறுப்பு."

"ஐயோ, பெரிய உதவி ஐயா."

"ஸ்பீக்கர் செற்றும் நான் பிடிச்சுத் தாறன்."

"ஸ்பீக்கர் என்னத்துக்கு ஐயா? ஒருத்தரும் கதைக்கிறேல்லையே."

"அதுவும் சரி." தொண்டையைச் செருமினேன். "கடைசிக் காட்சியைக் கொஞ்சம் சுருக்கேலாதோ?"

"எவ்வளவு சுருக்க வேணும்?"

"அது அஞ்சு நிமிசம்தானே. ஒரு அஞ்சு நிமிசம் சுருக்கினால் போதும்."

அவவுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. அதற்கு நன்றி. "ஐயா, அது உங்கட மகன்ர சாமான். நான் விக்கேலாது. அவரிட்டைக் கேளுங்கோ."

அன்று பின்னேரம் கிருசாந்தனின் சாய்ப்புக்குப் போனேன். ஒரு மோட்டரைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு இருந்தான்.

"தம்பி."

"ஓம் அப்பா."

அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் மோட்டரைப் பார்த்தேன்.

"அந்த றிம்மைத் திருப்பிக் கொண்டு வருவியோ?"

"கொண்டு வருவன்."

"சரி," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சொத்தி மாட்டைக்கூடச் சந்தையில் ஓட வைத்துக் காட்டி விற்றவனின் மகனுக்கு, பெற்ற பிள்ளையிடம் ஒரு வசனம் ஓடவில்லை.

ஞாயிறு பின்னேரம் நாலு மணி. பள்ளிக்கூட மைதானத்தில் வேம்பு நிழலில் தறப்பாள் விரித்திருந்தார்கள். அது மேலே கட்டுவதற்கு இல்லை, நிலத்தில் விரிப்பதற்காம். ஊசி ஓட்டைக்கு விலை கழித்தவ அதை அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சனம் சுற்றிவர இருந்தது. எனக்குப் பக்கத்துக் கதிரையில், என் கடைக்கு எதிரே உரக்கடை வைத்திருக்கும் ஆண்டியப்பன். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழுக் கலவரத்தோடு வந்தவர். நல்ல மனிதர். என் வாடிக்கையாளரை மட்டும் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுப்பார்.

"மொதலாளி, ஒங்க மகன் கடைசியாமே? பெரிய ஆளுங்களத்தான் கடைசியில விடுவாங்க."

"ஓமோம்," என்றேன். என் வடையை அவருக்கே கொடுத்தேன்.

முதலில் நிஷாந்தன் என்ற பொடியன். என் றிம்மோடு வந்தான். அவன் அதை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மற்ற ஆறு பேரும் அவனுக்குப் பின்னால் வரிசையாக நின்று குலுங்கினார்கள். பஸ். றிம் ஸ்ரியரிங். பள்ளம் வரும்போது ஏழு பேரும் ஒன்றாக எழும்பி ஒன்றாக விழுந்தார்கள். சனம் சிரித்தது. எங்கள் ஏ-முப்பத்தைந்து றோட்டை அவ்வளவு சரியாக எந்த அரசாங்க அறிக்கையும் சொன்னதில்லை. நான் மட்டும் தேவைக்கு மேல் சிரித்தேன். ஆண்டியப்பன் திரும்பிப் பார்த்தார்.

அடுத்தவன் சுதாகரன். அவன் வந்தபோது வீடு இருக்கவில்லை, வெறும் காணி. அடி அளந்து நடந்தான். ஒரு இடத்தில் தலையைக் குனிந்து உள்ளே போனான். இல்லாத வாசலுக்குக் குனிந்தான். கொஞ்சத் தூரம் போய்க் கையை நீட்டி, இல்லாத அலுமாரியைத் திறந்தான். அதற்குச் சனம் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த பெண் ஒருத்தி "குசினி அங்கால" என்று தன்பாட்டில் கையைக் காட்டினாள்.

இப்படி ஆறு பேர் போனார்கள். பிறகு கிருசாந்தன் வந்தான், கையில் பொலித்தீன் பை.

எதிரில் தகப்பனாக வந்தவன் அந்த ஏழு பேரில் ஒருவனான திலீபன். சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, காதில் பென்சில் செருகி, சேட் பொக்கற்றில் அளவு நாடாவும் வைத்திருந்தான். மைதானம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. என் காதில் இருந்த பென்சிலை மெல்ல எடுத்து மடிக்குள் வைத்தேன்.

திலீபன் வாயைத் திறந்தான். கோபமாக, கையை ஆட்டி, எதையோ கேட்டான். சத்தம் இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். இனி ஊருக்கு விளங்கும். இதோ மிதிக்கிற மாதிரிக் காட்டுவான், மணி அடிப்பான்.

ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சிரிப்புக் கேட்டது. பிறகு சிரிப்பு ஒவ்வொரு பக்கமாக நின்றது. அது நின்றதும்தான் கண்ணைத் திறந்தேன்.

திலீபனின் வாய் இன்னும் பேசிக்கொண்டே இருந்தது. ஆனால் யாரும் வாயைப் பார்க்கவில்லை. அவன் கை கிருசாந்தனின் தோளில் இருந்தது. தோளிலிருந்து முழங்கைக்கு இறங்கி, மடக்கி நீட்டிப் பார்த்து, மணிக்கட்டுக்கு வந்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து விட்டது. மற்றக் கை. பிறகு விலா எலும்பு. காதுக்குப் பின்னால். நாடியைப் பிடித்து வாயைத் திறக்க வைத்துப் பல்லு. பிறகு குந்தி இருந்து முழங்கால், கெண்டை, குதிகால். காலைப் பின்னுக்கு மடக்கித் தூக்கிப் பாதத்தைப் பார்த்தான்.

அது மாட்டுத் தரகரான என் ஐயாவின் கை. சந்தையில் மாடு பார்க்கும்போது வாய் பாட்டுக்கு விலைக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும், கை பாட்டுக்குக் கொம்பிலிருந்து குளம்பு வரை போய்வரும். வாய் என்ன சொன்னது என்று கை கேட்டுக்கொண்டு நிற்காது. அந்தக் கை எனக்கும் இருக்கிறது என்று நான் அறியவில்லை. அன்றைக்குப் படலையடியில் என் கை அவன் உடம்பில் போனதுகூட எனக்கு ஞாபகம் இல்லை. வாய் கேட்டதைப் பன்னிரண்டு வருடம் சுமந்தேன். கை செய்ததைச் செய்த இடத்திலேயே மறந்துவிட்டேன்.

இடது காலுக்கு வந்ததும் திலீபன் நின்றான். விரல்களை எண்ணினான். தலையை ஆட்டினான். கணக்குப் பிழை. எழும்பித் திரும்பவும் தோளிலிருந்து தொடங்கினான். திரும்ப இடது கால். திரும்பப் பிழை. மூன்றாம் தரமும் தோளிலிருந்து தொடங்கினான். கிருசாந்தன் அசையாமல் நின்றான், பையைக்கூட நிலத்தில் வைக்கவில்லை. மூன்றாம் தரம் எண்ணி முடித்த திலீபன் அந்தப் பாதத்தைத் தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்தபடி நிலத்திலேயே இருந்துவிட்டான். வாய் அசைவது நின்றிருந்தது.

நாடகம் முடிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள்.

"நெசந்தானா மொதலாளி?" ஆண்டியப்பன் பாதி வடையோடு என் பக்கம் திரும்பினார். "மாடு பாத்த மாதிரியேல்ல பாத்திருக்கீங்க."

நான் பெண்கள் பக்கம் போய் இராசேஸ்வரியைத் தேடினேன். அவள் முந்தானையால் முகம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உப்பிடியோ நடந்தது?"

"ஓம். மூண்டு தரம். தேத்தண்ணி ஆறுது, பிள்ளையை உள்ள விடுங்கோ எண்டு நான் கத்தக் கத்த எண்ணினீங்கள்."

"நீ ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேட்டால் சொல்லியிருப்பன். உங்களுக்கு நீங்கள் கேட்டது மட்டும்தானே ஞாபகம்."

சனம் கலைந்துகொண்டிருந்தது. கிருசாந்தன் தனியே தறப்பாளை மடிக்கத் தொடங்கியிருந்தான். நான் போய் மற்ற மூலையைப் பிடித்தேன். தறப்பாள் மடிக்க இரண்டு பேர் வேண்டும், நடுவில் வந்து சந்திக்கவும் வேண்டும். சந்தித்தபோது கேட்டேன்.

"தம்பி, அண்டைக்கு நான் வாயால என்ன கேட்டனான் எண்டு ஞாபகம் இருக்கோ?"

"சைக்கிள் எங்கையெண்டு."

பன்னிரண்டு வருடம் நான் விழுங்கி வைத்திருந்ததை, பைப் முடிந்ததைச் சொல்வதுபோலச் சொன்னான்.

"அது..." என்றேன். என் மூலையை அவன் கையில் கொடுத்தேன்.

"அப்பா, மூண்டே முக்கால் வருசமா என்னை எல்லாரும் கேள்விதான் கேட்டவை. பேர் என்ன, நம்பர் என்ன, எந்தப் பிரிவு, ஆரோட நிண்டனி. ஒருத்தரும் சைக்கிள் எங்கையெண்டு கேக்கேல்லை. படலையில நிண்டு நீங்கள் கேட்டாப் பிறகுதான், சரி, இது எங்கட வீடுதான் எண்டு நம்பினனான்." மடிப்பை ஒழுங்குபடுத்தினான். "அதையும் காட்சியில போடத்தான் பாத்தம். வாயை மட்டும் அசைச்சால் போதும், மிச்சத்தைக் கை சொல்லும் எண்டு ரீச்சர் சொல்லிட்டா."

"பின்னை ஏனடா இவ்வளவு காலமும் என்னோட கதைக்காமல் இருந்தனி?"

"நானோ? நான் சாய்ப்பால வந்தால் நீங்கள் பில் புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு நேர பிடிப்பியள். எத்தினை நாள் தலைகீழாப் பிடிச்சிருக்கிறியள் தெரியுமோ?"

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். மூச்சு நெஞ்சுக்குக் கீழே, வயிறு மட்டும் போய்வந்தது. அது அவ்வளவு தூரம் போகும் என்பதே எனக்கு மறந்திருந்தது. இந்த விசயத்துக்குத்தான் களஞ்சியத்தில் கிடந்து பழகினார்களோ?

"இரு," என்றேன்.

"என்னப்பா?"

"கதிரையில இருடா."

இருந்தான். நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவன் முன்னால் குந்தினேன். முழங்கால் சத்தம் போட்டது. ஆண்டியப்பன் பள்ளிக்கூடப் படலையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கட்டும். இந்தத் தடவை தெரிந்துகொண்டு எண்ணினேன்.

"அப்பா, கூசுது."

"பொத்திக்கொண்டு இரு."

வந்து சேர்ந்தது: கை இரண்டு, கைவிரல் பத்து. காது இரண்டு, கண் இரண்டு. கால் இரண்டு. வலது காலில் விரல் ஐந்து, இடது காலில் நாலு. வரவேண்டியது விரல் ஒன்று. அதை யாரிடம் போய்க் கேட்பது என்று எனக்குத் தெரியாது. நிலுவையில் நிற்கிறது.